காய்ச்சித்தான் குடிக்கிறோம், அப்புறமும் ஏன்?

"வணக்கங்க டாக்டர். பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் லைன் வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். நாலு வயசில் பையன், ஒன்பது மாசத்தில் பாப்பா, மாமியாரும் எங்களோடதான். ஒரு மாசமா எங்க வீதியில் வாந்தி பேதிங்க. இன்னைக்கு ஒரு வீடுன்னா நாளைக்குப் பக்கத்து வீடு. பையனுக்கு ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவையும் பாட்டில் ஏத்திக் கூட்டிட்டு வந்தோம். கடைசி வீட்டுப் பையனுக்கு இப்ப மஞ்சக்காமாலை. ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காதான் வரும், முதல் ரெண்டு குடம் டீ கலர்ல வரும், அப்புறம் தெளிஞ்சிரும். எல்லாரும் மோட்டார் வச்சுத்தான் புடிக்கறோம். குடிக்கிற தண்ணியை நான் காய்ச்சித்தான் வைக்கறேன், அப்புறமும் ஏன் வருது? ஊராட்சியில் கேட்டா டேங்க்ல மருந்து போட்டாச்சு, கண்டதைத் தின்னிருப்பீங்கங்கறாங்க. வயித்தால போறப்ப தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு மாமியார் சொல்றாங்க. ஊரை விட்டே போயிரலாமான்னு இருக்கு. ஏழு மாசமா இருக்கற என் தங்கச்சியை வேற பிரசவத்துக்கு இங்கதான் கூட்டிட்டு வரணும், எங்களுக்கு அம்மா இல்லைங்க. பேர் போட வேண்டாம்."

அம்மணி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயத்திலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. தங்கச்சியை இப்போதைக்குக் கூட்டி வராதீர்கள். கட்டுச்சோறுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒரம்பரைக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றாலும் பரவாயில்லை, விருந்தை மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாராவது முகம் சுளித்தால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

காரணம் அந்தக் கடைசி வீட்டுப் பையனின் மஞ்சள் கண். தண்ணீரால் வரும் காமாலை ரெண்டு வகை, ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் ஏ தான், ஓய்வும் சாப்பாடும் இருந்தால் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். ஆனால் எது என்று ரத்தம் எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, ரெண்டும் வருகிற வழி ஒன்றுதான், மலம் கலந்த தண்ணீர். அது ஈ யாக இருந்து, கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால், அப்படித் தொற்றியவர்களில் 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறந்து போகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் தங்கச்சி அந்த மூன்று மாதத்தின் வாசலில் நிற்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. ஈ வைரஸ் உள்ளே போய்க் கண் மஞ்சளாகத் தெரிய ரெண்டு வாரத்திலிருந்து பத்து வாரம் வரை ஆகும். ஏ வைரசுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அதாவது அந்தப் பையன் இன்றைக்குக் காட்டும் மஞ்சள், போன மாதம் குடித்த தண்ணீரின் மஞ்சள். அதே தண்ணீரைக் குடித்த மற்றவர்களின் கணக்கு இனிமேல்தான் தெரியும். அதனால்தான் "ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டி வருகிறேன்" என்பதும் வேண்டாம் என்கிறேன். அவர் இருக்கும் ஊரில் இந்தத் தொந்தரவு இல்லையென்றால் பிரசவம் அங்கேயே ஆகட்டும். நீங்கள் ஒரு மாதம் அங்கே போய் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்தால் அம்மா இல்லாத குறை அதிலேயே பாதி தீரும்.

சரி, அடுத்தது மாமியார். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, போகத்தான் செய்யும். ஆனால் பேதியில் பிள்ளைகள் சாவது போவதால் அல்ல, போனதைத் திரும்ப ஊற்றாததால். குடல் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து உள்ளே போனால் அதே குடல் அதை உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். வெறும் தண்ணீரை இந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளாது, சர்க்கரை அதிகமான தண்ணீர் என்றால் இன்னும் மோசம், உடம்பிலிருக்கும் நீரையும் சேர்த்து இழுத்து வெளியே விட்டுவிடும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா தாண்டவமாடியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் திலீப் மஹலநாபிஸ் என்கிற டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. கூடாரத்தில், சேற்றில், நர்ஸ் இல்லாமல், அம்மாக்களும் அக்காக்களும் செய்த வைத்தியம் அது. காலராவுக்கே அது போதுமென்றால் உங்கள் பையனுக்குப் போதாதா?

அதைத்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் சும்மா கொடுக்கிறார்கள். நாலைந்து பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வாங்கும்போது அளவைப் பாருங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டி, "கெட்டியா குடுத்தா சீக்கிரம் நிக்கும்" என்று கொடுத்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து, உப்பு தலைக்கேறிக் குழந்தைக்கு வலிப்பே வந்துவிடும். பொட்டலம் இல்லாத ராத்திரிக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாப்பாவுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, பையனுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, டம்ளரை வாயில் சாய்க்காமல் ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பையனுக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், குழைந்த சோறு, எது இறங்குகிறதோ அது. பட்டினி போடும் பத்தியம் வேண்டவே வேண்டாம்.

பச்சைப் பாட்டில் கூல்டிரிங்க்ஸை ஆட்டி கேஸ் எடுத்துக் கொடுப்பது நம்ம பக்கம் ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள். மெடிக்கலில் அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். மாதிரியே பேர் வைத்து விற்ற பழ ருசி பானங்கள் நிறைய இருந்தன, உள்ளே எல்லாம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இல்லாத எதற்கும் அந்தப் பேரே வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. அதனால் பேரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கம் திருப்பிக் கலவையைப் பாருங்கள். கூடவே துத்தநாக மாத்திரை, அதுதான் ஜிங்க், ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், அடுத்த பேதி சீக்கிரம் வராமல் இருக்க அது உதவும்.

பாட்டில் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. கிளினிக்குக்கு வந்ததும் "ஒரு பாட்டில் ஏத்தி உட்ருங்க" என்று கேட்காதவர்கள் கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரைக்கும் குறைவு, ஏற்றாத டாக்டருக்குக் கைராசி இல்லை என்று பேர். பிள்ளை குடிக்கும் நிலையில் இருந்தால் பாட்டில் தேவையில்லை. எப்போது ஆஸ்பத்திரி தேவை என்றால், கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மடிப்பாகவே நின்று மெதுவாகத் திரும்பினால், துவண்டு போய் டம்ளரை வாயில் வைத்தாலும் குடிக்காவிட்டால், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால். அப்போது வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள். போவதை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், காய்ச்சியும் ஏன்.

நம்ம ஊரில் ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது, அம்மணி. போர் தண்ணி உப்புத் தண்ணி, ஆத்துத் தண்ணி நல்ல தண்ணி. பருப்பு வெந்தால், சோப்பு நுரைத்தால், நாக்குக்கு இனித்தால் நல்ல தண்ணி. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் நாம். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டிச் சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதும், 2011-இல் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் வீட்டுக்கு வீடு பேசின கதை. அதனால் தண்ணீர் கெட்டது என்றாலே நமக்கு நிறமும் உப்பும்தான் நினைவுக்கு வரும். ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிற தம்பி பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விடுவார், போர் தண்ணிக்கு 1800 காட்டும், அவர் தண்ணிக்கு 40 காட்டும், நாம் வாயைப் பிளப்போம். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பை மட்டும். அதே டம்ளரில் காலராக் கிருமி கோடிக்கணக்கில் நீந்தினாலும் மீட்டர் 40 தான் காட்டும். வாந்தி பேதி கொண்டுவரும் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெளிவாக, இனிப்பாக, நல்ல தண்ணியாகவே வருகிறது.

உங்கள் வீதிக்கு அது எப்படி வருகிறது என்பதற்கு நீங்களே கடிதத்தில் விடை எழுதியிருக்கிறீர்கள், டீ கலர், மோட்டார். மோட்டார் விஷயத்தை மறைக்காமல் எழுதினதற்கு நன்றி, பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பல வருஷம் முன்னால் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இதே மாதிரி பேதி. அப்போது நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற முதல் குழாயில் தண்ணீர் பிடித்து, கண்ணாடிக் குழாயில் நாலு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன், அழகாக மஞ்சள் நிறம் வந்தது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஐஸ் வண்டிக்காரனை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். அடுத்த எட்டு நாளில் இன்னும் பதினோரு பேர் படுத்துவிட்டார்கள். திரும்பப் போனபோது அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தர், "சாமி, நீங்க டேங்கப் பாத்தீங்க, நாங்க குடிக்கிறது எங்கூட்டுக் குழாயிலீங்" என்றார். எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அவர் கூடவே நடந்து ஊர்க்கோடிக்குப் போனேன். வழியில் ஒரு வால்வு குழி, மூடி கிடையாது, சாக்கடை வழிந்து குழி நிறைய நின்றது. உள்ளே குழாய் இணைப்பில் கசிவு, அதன்மேல் யாரோ பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் விட்டபோது ட்யூபின் இடுக்கிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வந்தது. விட்டு முடித்து வால்வை அடைத்தார்கள், அப்போது பாருங்கள், கொப்புளம் நின்றது, நின்ற ரெண்டு நிமிஷத்தில் குழியில் நின்ற சாக்கடை மட்டம் என் கண் முன்னாடியே ஒரு விரற்கடை இறங்கியது. அது எங்கே போனது? குழாய்க்குள். கோடி வீட்டுக் குழாயில் பிடித்து அதே மருந்தை விட்டுப் பார்த்தேன், மஞ்சளும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

உங்கள் ஊரில் நடப்பதும் அநேகமாக இதுதான். எட்டு நாள் குழாய் காலியாகக் கிடக்கிறது, வெளியில் சாக்கடை, செப்டிக் டேங்க் கசிவு எல்லாம் மண்ணில் ஊறி நிற்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும், அழுத்தம் போனதும் வெளியே இருப்பது உள்ளே வரும். வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து இழுத்தால் தண்ணீர் விடும் நேரத்திலேயே அந்த உறிஞ்சல் நடக்கும், உங்கள் மோட்டார் பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, சாக்கடையையும் இழுக்கிறது. முதல் ரெண்டு குடம் டீ கலர் என்றீர்களே, எட்டு நாளாக உள்ளே இறங்கி நின்றதுதான் அது. அதைக் "கழுவுறதுக்கு" என்று எடுத்து வைத்தால், தட்டு, டம்ளர், கொத்தமல்லி, பாப்பாவின் பால் கிண்ணம் எல்லாம் அதிலே கழுவுவீர்கள். குடிக்கிற தண்ணீரை எவ்வளவு காய்ச்சி என்ன பிரயோஜனம்? கக்கூசுக்கு ஊற்றுங்கள், வேறு எதற்கும் வேண்டாம்.

ஊராட்சியில் மருந்து போட்டாச்சு என்றதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, நான் பார்த்ததும் நிஜ மஞ்சள்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா? கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு, நோய் பரவுகிற நேரத்தில் 0.5 இருந்தால் நல்லது. பார்க்கிற டப்பா சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. தண்ணீர் விடுகிற அன்றைக்கே, உங்கள் வீதியின் கடைசிக் குழாயில், எல்லாரும் பார்க்க வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். புதுசாக இருக்கும்போது அதில் 100-க்கு 33 பங்கு குளோரின் இருக்கும், மோட்டார் ரூமில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அது பறந்துபோய் மிச்சம் சுண்ணாம்புதான். மூக்கில் ஏறாத பிளீச்சிங் பவுடரை டேங்கில் போடுவதும் கோலப்பொடியைப் போடுவதும் ஒன்று. அதே மாதிரி, குழாயில் குளோரின் வாசம் வந்தால் "மருந்து நாத்தம்" என்று கொட்டாதீர்கள், அந்த வாசம்தான் உங்களுக்கு உத்தரவாதம், கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

இதை ஒருத்தராகப் போய்ச் சொன்னால் "கண்டதைத் தின்னிருப்பீங்க" என்ற பதில்தான் கிடைக்கும். அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். மொய் எழுதுகிற மாதிரி வீடு வாரியாக, யாருக்கு, என்ன வயசு, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தக் குழாய், வெளியில் எங்கே சாப்பிட்டார்கள், தண்ணீர் வந்த தேதிகள் தனியாக ஒரு பக்கத்தில். தண்ணீர் விட்ட ரெண்டு மூன்று நாளில் ஆட்கள் படுக்கிறார்கள், பிறகு குறைகிறது, அடுத்த தண்ணீருக்கு மறுபடியும் என்று நோட்டில் தெரிந்தால் யாராலும் தின்றதைக் குறை சொல்ல முடியாது. அப்படித் தெரியாமல், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வீடு விட்டு வீடு தாவினால் அது கை வழியாகப் பரவும் ரோட்டா மாதிரி வைரஸாக இருக்கலாம், அதையும் அந்த நோட்டுதான் சொல்லும். தனியார் கிளினிக்கில் காட்டினவர்கள் அரசாங்கக் கணக்கில் பல நேரம் வருவதே இல்லை, உங்கள் வீதியில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் "அங்கே ரெண்டே கேஸ்தானே" என்பார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் காட்டுங்கள். புதுசாகப் படுத்தவருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்னால் மலம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம், அவர்கள் கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. அசைய மாட்டேன் என்றால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். மோட்டாரை எடுக்கிற பேச்சும் கூடவே வர வேண்டும். நீங்கள் மட்டும் எடுத்தால் உங்களுக்குத் தண்ணீரே வராது என்பது எனக்குத் தெரியும், வீதியே சேர்ந்து எடுத்தால்தான் உண்டு, அதைப் பேசி முடிக்கிறது குழாய் மாற்றுவதைவிடக் கஷ்டம்.

ஊரை விட்டுப் போவது? அடுத்த ஊரிலும் லைன் வீடு, அங்கேயும் எட்டு நாள் தண்ணி, அங்கேயும் மோட்டார். வாடகை அட்வான்ஸ்தான் போகும்.

குளோரின் ஏறிவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிடாதீர்கள். 1955 நவம்பரில் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்தது, குளோரினைக் கூட்டினார்கள், காலராவும் டைபாய்டும் வரவில்லை, ஆனால் அடுத்த ரெண்டு மாதத்தில் 29,000 பேருக்கு மேல் காமாலை. வெகு வருஷம் கழித்து, எடுத்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. பாக்டீரியா சாகிற அளவு குளோரின் அந்த வைரசுக்குப் போதவில்லை. அதனால் இந்த ரெண்டு மாதமும் உங்கள் வீதிக்குக் காய்ச்சுவதுதான் வழி. நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் நின்றால் போதும். கேஸ் தீருகிறது என்று ஆவி வந்ததும் அணைப்பது காய்ச்சுவதல்ல, சுட வைப்பது. நீங்கள் எது செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, எழுதவில்லை. கேன் தண்ணீரும் ஆர்.ஓ.வும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று, ஆர்.ஓ. உப்போடு சேர்த்துக் குளோரினையும் எடுத்துவிடும், அப்புறம் அந்தத் தண்ணீரில் கை பட்டால், கேனைக் கவிழ்க்கிற ஸ்டாண்டு அழுக்காக இருந்தால், காக்க ஒன்றும் கிடையாது.

அந்தக் காமாலைப் பையன் வீட்டில் இந்நேரம் நாட்டு மருந்துக்குக் கிளம்பியிருப்பார்கள். ஏ வகை எதைக் கொடுத்தாலும் தானாக இறங்கும், அதனால்தான் எல்லா ஊரிலும் ஒரு கைராசிக்காரர் இருக்கிறார். கீழாநெல்லியோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது, பையன் பிதற்றினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். வீதியில் யாருக்காவது காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினால் டைபாய்டா என்று பார்க்க வேண்டும், விடால் என்கிற பரிசோதனையை மட்டும் நம்பாமல், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, கேட்கலாம். டைபாய்டுக்கு இப்போது ஒரே ஊசியில் நல்ல தடுப்பூசி இருக்கிறது, தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டும், முடிந்தால் ரெண்டு பிள்ளைகளுக்கும் போடுங்கள். பாப்பாவுக்கு ஆறு, பத்து, பதினாலாவது வாரம் ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தார்களா என்று அட்டையைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்குள் வருகிறேன், வந்து பார்க்காமலே சொல்கிறேன், தப்பாக இருந்தால் திட்டி எழுதுங்கள். அடுப்படி ஓரம் காய்ச்சின தண்ணீர் அகலவாய் எவர்சில்வர் போசியில் இருக்கும். மேலே ஒரு வட்டல், வட்டல் மேலே ஒரு சொம்பு. மாமியார் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்து அந்தச் சொம்பை விட்டு மொண்டு குடிப்பார், விரல் நாலும் தண்ணீரில் முங்கும். பையன் விளையாடிவிட்டு ஓடி வந்து, எட்டாது, போசி விளிம்பைப் பிடித்து எக்கி டம்ளரோடு கையை விடுவான். நீங்கள் பாப்பாவின் கால் கழுவிவிட்டு, சேலையில் துடைத்துக்கொண்டு, அதே சொம்பில் தண்ணீர் எடுத்து உலை வைப்பீர்கள். இருபது வீட்டில் பார்த்தால் பதினைந்தில் இதுதான் காட்சி, என் அம்மா வீட்டிலும் இதுதான். கொதிக்க வைத்துக் கொன்ற கிருமியை விரல் நுனியில் வைத்துத் திரும்ப விடுகிறோம். பாப்பா மலத்தை, பால் குடிக்கிற பிள்ளையோடது தானே என்று சாக்கடையில் கொட்டாதீர்கள், அதில் கிருமி குறைச்சல் என்பது சும்மா, கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூடியும் குழாயும் வைத்த எவர்சில்வர் டிரம் பாத்திரக் கடையில் கிடைக்கும், பல்லடம் சந்தைக்குப் போகும்போது ஒன்று வாங்குங்கள். இப்போது கையில் காசு இல்லையென்றால் வாய் குறுகலான குடமாவது, சாய்த்து ஊற்றுகிற மாதிரி. மாமியாருக்குக் குனிந்து எடுக்க முடியாது என்றால் அவர் கைக்கெட்டுகிற திண்டின் மேல் வையுங்கள், டம்ளரையும் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொம்பு திரும்ப வந்துவிடும். கடைசிக் குழாயில் மஞ்சள் வந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். தங்கச்சி விஷயத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலையே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பேர் இதில் இல்லை, என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.